குறட்டை விடும் பிள்ளையும் குணம் பேசும் பெரியோரும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்களில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நம்மவரிடையே வேரூன்றிப்போன அபிப்பிராயம் ஒன்று உண்டு. ரந்தாவ், லிங்கி, பகாவ், கிம்மாஸ் முதலிய ஊர்களின் பள்ளிக் கூட்டங்களிலும், கோயில் திருவிழா மேடைகளிலும், சிரம்பான் மண்டபங்களில் நடைபெறும் தன்முனைப்பு முகாம்களிலும் அது ஆண்டு தவறாமல் ஒலித்துவருகிறது. தோட்டத்துப் பையன் மந்த புத்திக்காரன். பாடத்தில் மனத்தை நிறுத்தமாட்டான். ஒன்று வகுப்பில் தூங்கி வழிவான், இல்லையேல் ஒரு நிமிஷம் சும்மா இராமல் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளிக்கொண்டிருப்பான். தொட்டதற்கெல்லாம் கோபம், கோபம் தணிந்தால் அழுகை. இவற்றுக்கெல்லாம் மூலம் தகப்பனுடைய குடியும் தாயினுடைய அறியாமையும் வீட்டின் வறுமையும் கையிலுள்ள கைப்பேசியுமே என்று நோயும் காரணமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பரிகாரமும் கூடவே வருகிறது: வீட்டில் கண்டிப்பு, மாலையில் கூடுதல் வகுப்பு, ஆண்டுக்கொருமுறை ஊக்க உரை.

இப்படிச் சொல்வோர் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். அவர்களிற் பலர் லயத்து வீட்டிலேயே பிறந்து, படித்து, உத்தியோகம் பெற்று முன்னுக்கு வந்தவர்கள். அதனாலேயே அவர்கள் வார்த்தைக்குச் செல்வாக்கு அதிகம். "நானும் தோட்டத்தில் பிறந்தவன்தானே, நான் படிக்கவில்லையா?" என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்கும்போது, கீழே அமர்ந்திருக்கும் தாய் தலையைக் குனிந்துகொள்வதன்றி வேறு என்ன செய்வாள்? வறுமை பொய் என்றோ, குடி பொய் என்றோ வாதிக்க நான் முன்வரவில்லை. சரீரத்தைப் பரிசோதியாமல் சுபாவத்தின்மேல் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தையே மறுக்கிறேன். பகலில் நாம் காணும் மந்தத்துக்கும் துடுக்குக்கும் காரணம் பல பிள்ளைகளிடத்தில் இரவில் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதில் இருக்கிறது. வைத்தியர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று அழைக்கும் இக்கோளாறு தடித்த பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது நம் பிழைகளுள் முதற்பிழை.

பிள்ளை எப்படித் தூங்குகிறான் என்று தாயைக் கேட்டால், "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான் சார், இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்று சற்றுப் பெருமையோடுகூடச் சொல்லுவாள். அந்தத் தூக்கத்தை அருகிருந்து பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பையன் பாயில் கிடக்கிறான். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மோவாயை மேலே தூக்கி, வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறான். குறட்டை ஏறிக்கொண்டே போய், நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. சத்தம் ஓய்ந்தாலும் மார்பு ஓய்வதில்லை. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள சதை உள்ளே இழுபடுகிறது, தொண்டைக் குழி பள்ளமாகிறது, மார்பு தாழும்போது வயிறு எழும்புகிறது; காற்று மட்டும் உள்ளே போவதில்லை. சில விநாடிகளில் உடம்பை ஓர் உதறு உதறி, திணறலோடு மூச்சை இழுத்துக்கொண்டு, புரண்டு படுக்கிறான். குறட்டை மறுபடியும் தொடங்குகிறது. தலையணை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. படுக்கையில் சிறுநீர் போகும் வழக்கம் என்றோ நின்றிருந்தும் இப்போது திரும்பியிருக்கிறது. விடியலில் எழுப்பினால் வாய் வறண்டு, தலை வலிக்கிறது என்று சிணுங்குகிறான். இதை நல்ல தூக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கும் வரையில் அவனுடைய பகலைப் பற்றி நமக்கு ஒன்றும் விளங்காது.

நடப்பது இதுதான். மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்ற சதையும், தொண்டையின் இரு பக்கங்களிலும் டான்சில் என்ற சதையும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மூச்சுப் பாதையின் அகலத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 2 வயது முதல் 8 வயது வரையுள்ள பருவத்திலேதான் அவை இடத்தை மிக அடைத்துக்கொண்டிருக்கின்றன. விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் இறுகி நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். நித்திரையில் அவை தளர்ந்தவுடன் வீங்கிய சதை வழியை மூடும். பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு ஏறுகிறது; அபாயத்தை உணர்ந்த மூளை, பிள்ளையை முழுவதும் எழுப்பிவிடாமல், ஆழ்ந்த நிலையிலிருந்து அரைத்தூக்கத்துக்கு இழுத்து வந்து மூச்சை மீட்கிறது. வளர்ந்தவருக்கு மணிக்கு ஐந்து அடைப்புகளுக்குக் குறைவாயிருந்தால் வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைக்கோ மணிக்கு ஒன்று என்பதே இயல்புக்கு மாறானது. நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இக்கோளாறு உடையவர்கள் என்பதும், வழக்கமாகக் குறட்டை விடுவோர் ஏறக்குறையப் பதின்மர் என்பதும் பல தேசங்களில் எடுத்த கணக்கு. மூக்கொவ்வாமையும், மிகையான உடற்பருமனும், வீட்டுக்குள்ளே ஊதப்படும் சிகரெட்டுப் புகையும் அபாயத்தை இன்னும் கூட்டுகின்றன.

இவ்வாறு துண்டு துண்டாக அறுபட்ட நித்திரை புத்தியை எங்கே தாக்குகிறது என்பதைப் பார்த்தால், மேடைப் பேச்சாளர் அடுக்கும் குற்றப் பட்டியல் வேறோர் அர்த்தம் பெறும். பகலில் கற்றதை மூளை ஒழுங்குபடுத்தி நினைவில் நிலைநிறுத்துவது இரவில் நடக்கும் காரியம். கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும், எழுந்த ஆசையை அடக்கிக்கொள்வதும், கோபம் வந்தபோது ஒரு கணம் தாமதிப்பதும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியின் தொழில். நித்திரைக் குறைவுக்கு மிக எளிதில் தளர்வதும் அந்தப் பகுதிதான். தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் கொட்டாவி விட்டுச் சோர்ந்து உட்காருவார். தூக்கம் கெட்ட பிள்ளையோ பெரும்பாலும் சோர்வதில்லை, பரபரக்கிறான். தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ள உடம்பு செய்யும் அந்தப் பரபரப்பையே நாம் துடுக்கு என்கிறோம். சில சமயம் கவனக்குறைவு நோய் என்று வேறொரு பெயரையும் ஒட்டிவிடுகிறோம். சிறு மறுப்புக்கும் வெடித்து அழுவதும், கூட்டாளிகளோடு ஒத்துப்போக முடியாமல் ஒதுங்குவதும், காரணமில்லாமல் பயப்படுவதும் இதே வேரிலிருந்து கிளைக்கக்கூடும். வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த நித்திரையில் மிகுதியாக ஊறுவதால், இப்பிள்ளைகளிற் சிலர் வயதுக்குரிய உயரமும் எடையும் பெறுவதில்லை. நாள்தோறும் ஓய்வின்றி வெட்டப்படும் பால்மரம் பட்டை காய்ந்து பால் வற்றிப்போவதைத் தோட்டத்தார் அறிவார்கள். அந்த மரத்தைச் சோம்பேறி என்று எவரும் ஏசியதில்லை.

இது நேற்று முளைத்த நாகரிக நோய், பணக்காரர் பிள்ளைகளுக்காக வைத்தியர் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று சிலர் நகைப்பதுண்டு. 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கில வைத்தியர், பிள்ளைகளின் பின்தங்கிய நிலைக்கும் மந்தத்துக்கும் மூக்கடைப்பும் தொண்டைச் சதையும் காரணமாகலாம் என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1892இல் வெளிவந்த தம் மருத்துவ நூலில் வில்லியம் ஆஸ்லர், வாயால் மூச்சு விட்டு இரவெல்லாம் குறட்டையோடு திணறும் பிள்ளையின் களையற்ற முகத்தையும் தாமதமான பதிலையும் வர்ணித்திருக்கிறார். இடையில் அந்த அறிவு மங்கியது. ஒரு தலைமுறை வைத்தியர்கள் கண்ட பிள்ளைக்கெல்லாம் டான்சிலை அறுத்துத் தள்ளினார்கள்; நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் வந்தபின் அடுத்த தலைமுறையினர் அந்த மிகைக்கு வெட்கி, அறுக்க வேண்டியவர்களையும் அறுக்காமல் விட்டார்கள். 1976இல் கிறிஸ்தியன் கில்லெமினோ எட்டுப் பிள்ளைகளின் நித்திரையைக் கருவிகளால் அளந்து வெளியிட்ட பிறகே விஷயம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அமெரிக்காவில் டேவிட் கோசால் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் வாதத்துக்கு நேராகப் பொருந்துவது. முதல் வகுப்பில் மிகக் கடைசி வரிசையில் நின்ற 297 பிள்ளைகளை அவர் பரிசோதித்தார். அவர்களில் 54 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு, நித்திரையில் மூச்சுக் கோளாறு இருப்பது தெரிந்தது. பொதுவில் நூற்றுக்கு ஐவரைத் தாண்டாத கோளாறு கடைசி வரிசையில் இத்தனை பேரிடம் குவிந்து கிடந்தது. சதையை நீக்கிக்கொண்ட 24 பேரின் மதிப்பெண்கள் அடுத்த ஆண்டில் உயர்ந்தன. பெற்றோர் இசையாத மற்றவர்களுடையவை உயரவில்லை. இங்கிலாந்தின் ஏவன் பிரதேசத்தில் 11,000க்கு மேற்பட்ட குழந்தைகளைச் சிசுப் பருவம் தொட்டுத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சி, குறட்டையும் வாய்மூச்சும் மூச்சடைப்பும் உடையவர்களிடம் ஏழு வயதில் நடத்தைக் கோளாறுகள் 40 முதல் 100 சதவீதம் வரை அதிகமாயிருப்பதைக் கண்டது.

இவ்விடத்தில் அறிந்த எதிர்வாதி ஒருவர் எழுந்து, 2013இல் வெளிவந்த அமெரிக்கப் பரிசோதனையை எடுத்துக் காட்டுவார், காட்டட்டும். 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவாருக்கு உடனே அறுவை செய்தும், மற்றவரைக் கண்காணிப்பில் காக்க வைத்தும், ஏழு மாதம் கழித்து அளந்தார்கள். கவனத்தையும் செயல் ஒழுங்கையும் அளந்த தேர்வில் இரு பிரிவாருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களிலேயே 46 சதவீதத்தினருக்கு மூச்சு தானாகச் சீர்ப்பட்டது. ஆகவே "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்ற பாட்டி வாக்கு மெய்தானே என்பார். பாதி மெய் என்று ஒப்புகிறேன். மற்றப் பாதியை அவர் விட்டுவிட்டார். அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதத்தினருக்கு மூச்சு சீரானது. பெற்றோரும் ஆசிரியரும் சொன்ன நடத்தையிலும், பகற்சோர்விலும், வாழ்க்கைச் சுகத்திலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. கடுமையான கோளாறு உடையவர்கள் அந்தப் பரிசோதனையில் சேர்க்கப்படவே இல்லை. அங்கே காத்திருந்த பிள்ளைகள் வைத்தியரின் கண்ணெதிரே, நாள் குறித்துக் காத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் எவர் கண்ணிலும் படாமல், கடைசிப் பெஞ்சில், மக்கு என்ற பட்டத்தோடு காத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமாகாது. கத்தி புத்தியைக் கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. கற்பதற்கும் பழகுவதற்கும் குறுக்கே நிற்கும் ஓர் இடையூற்றை அது பலருக்கு அகற்றும் என்கிறேன்.

வறுமையே மூலகாரணமாயிருக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலைவதேன் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு விடையை இந்த மாநிலத்துச் சரித்திரமே வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரை மடித்தபோது, கற்றோர் பலர் அதைத் தொற்றுநோய் என்றும், இடத்தின் தோஷம் என்றும் சொல்லிவந்தனர். நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன், நோயாளியின் தட்டைப் பார்த்தார். தீட்டிய பச்சரிசி உண்டவர்களுக்கு நோய் கண்டது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது தொடவில்லை. 1907இல் அவர் நூல் வெளியிட்டார். அதையொட்டி பிரேசர், ஸ்டான்டன் என்ற வைத்தியர்கள் இதே மாநிலத்தின் உட்பகுதியில் சாலை வேலை செய்த ஜாவாத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி, அரிசியை மாற்றிக் கொடுத்து உண்மையை நிலைநாட்டினார்கள். தோட்டத் தொழிலாளியின் "சோம்பல்" கதையும் இத்தகையதே. மலேரியாவினாலும் கொக்கிப்புழுவினாலும் இரத்தம் வற்றி நிற்க முடியாதிருந்த மனிதனைத் துரைமார் சோம்பேறி என்று ஏட்டில் எழுதினார்கள். 1915 முதல் 1917 வரை டார்லிங் தலைமையில் ராக்கபெல்லர் நிதியத்தின் குழு மலாயாவில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. புழு போனபின் பலம் வந்தது. சுதேசிகளின் சோம்பல் என்பது ஆள்பவர் தம் சௌகரியத்துக்காகக் கட்டிய கதை என்று சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் ஒரு நூலே எழுதிக் காட்டினார். துரைமார் போய்விட்டார்கள்; அவர்கள் விட்டுப்போன தீர்ப்பை நம் பிள்ளைகள்மீது நாமே வாசிக்கிறோம்.

வறுமையும் இந்தக் கோளாறும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல; ஒன்றை மற்றொன்று வளர்க்கிறது. ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், களைத்த தகப்பனின் குறட்டையும் பிள்ளையின் திணறலும் ஒன்றாகக் கலந்துபோகின்றன. 2015இல் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டத்தைப் போன்ற நாட்களில், குளிரூட்டிய அறைக்குள் ஒதுங்க வழியில்லாத பிள்ளையின் மூக்குத்தான் முதலில் அடைகிறது. சளியென்று போனால் சளி மருந்து கிடைக்கிறது. சளி ஏன் மாதந்தோறும் வருகிறது என்று கேட்பவர் அரிது. ஆகவே வறுமையைக் காரணம் காட்டுகிறவர் மூச்சைப் பரிசோதிக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏழைப் பிள்ளைக்கே அதை முதலில் செய்ய வேண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

தோட்டத்துப் பிள்ளை தூங்கும் நேரமே குறைவு, வேறு நோய் எதற்கு என்ற வாதத்தில் மட்டும் சாரம் உண்டு. பெரட்டுக்குப் போகும் தாய் நான்கரை மணிக்கு அடுப்பை மூட்டினால் வீடு முழுவதும் விழித்துக்கொள்கிறது. கைக்குழந்தை இருட்டிலேயே ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னுக்குத் தள்ளப்பட்டதிலிருந்து சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறான். பள்ளிப் பேருந்தோ அதற்கு முன்னரே வந்துவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு முன்னேரத்தில் படுக்கை வேண்டும் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நேரம் குறைந்த பிள்ளை பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஆசை தீரத் தூங்கினால் முகம் தெளிவான். மூச்சடைப்புள்ள பிள்ளை பத்து மணி நேரம் படுத்தெழுந்தும் தெளிவதில்லை. இரண்டையும் பிரித்தறிவதற்குத் தாய்க்கு இந்த ஒரு வித்தியாசமே ஆரம்பத்துக்குப் போதும்.

சிகிச்சையைப் பற்றிய பயங்களுக்கு வருவோம். டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், குரல் கெட்டுவிடும் என்பவை தோட்டத்தில் மட்டுமன்று, படித்த வீடுகளிலும் உலவுகின்றன. தேகத்தில் எதிர்ப்புச் சக்திக்கு வேறு அநேக உறுப்புகள் உண்டு. சதையை இழந்த பிள்ளை அதனால் நோயாளி ஆவதில்லை. இரத்தக் கசிவு முதலிய அபாயங்கள் அறுவையில் உண்டு என்பதும், அடைப்பு எல்லோருக்கும் முழுவதும் நீங்காது என்பதும் மெய். அதனால்தான் எல்லாருக்கும் அறுவை வேண்டியதில்லை: இலேசான நிலையில் மூக்கில் பீய்ச்சும் மருந்து உதவும், பருமனான பிள்ளைக்கு எடை குறைய வேண்டும், சிலருக்கு இரவில் காற்றழுத்தக் கருவி தேவைப்படும். செலவைப் பற்றிய பயம் வீண். அரசாங்க கிளினிக்கில் குடிமகன் கொடுப்பது ஒரு வெள்ளி. கடிதம் பெற்றுச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனாலும் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிக்கு மேல் ஆவதில்லை. உண்மையான தடை ஒரு நாள் கூலி போவதும், பேருந்து கிடைக்காததும், "குறட்டைக்கா ஆஸ்பத்திரி வந்தாய்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமுமே. முதலிரண்டைத் தொழிற்சங்கமும் தோட்ட நிர்வாகமும் தீர்க்கலாம். மூன்றாவதைத் தீர்க்க வேண்டியவர்கள் மேடையில் பேசும் நாம்.

இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கப் புதிய இலாகா எதுவும் வேண்டாம். 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்ட காலந்தொட்டு, இந்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருந்துவருகிறது. பல்லைப் பார்க்கும் அதே விளக்கில் தொண்டையின் இரு பக்கச் சதையும், ஒடுங்கி உயர்ந்த மேலண்ணமும் தெரியும். அட்டையில் அதற்கொரு கட்டம் சேர்த்தால் போதும். சேர்க்கை நாளில் முதலாமாண்டுப் பெற்றோரிடம் தலைமையாசிரியர் ஐந்து கேள்வி கேட்கலாம்: வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நிற்கிறதா, வாயைத் திறந்து தூங்குகிறானா, விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி வந்ததா, காலையில் தலைவலி என்கிறானா? ஆம் என்ற தாய் கைப்பேசியில் இரண்டு நிமிஷம் அந்தத் தூக்கத்தைப் படம் பிடித்துக் கொண்டுபோனால், கிளினிக் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரவு முழுவதும் பிள்ளையைப் படுக்கவைத்து அளக்கும் வசதி பெருநகர் மருத்துவமனைகள் சிலவற்றிலேதான் உண்டு. யாரை அங்கே அனுப்புவது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் படமும் கேள்வியும் உதவும். குறைசொல்லுவதற்காகக் குற்றவாளியாக நிறுத்தப்படும் தாயே இங்கே முதற்சாட்சி என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டமே போய்விட்டதே, இனி யாருக்காக இந்தப் பேச்சு என்பர் சிலர். உண்மைதான், லாபுவிலும் நீலாயிலும் பால்மரம் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன, எஞ்சிய செம்பனைக் காட்டில் வேலை செய்வோரிற் பெரும்பகுதியினர் அயல்நாட்டார். லயத்தை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிரம்பானைச் சுற்றிய மலிவு விலை அடுக்குமாடிகளில் வளர்கிறார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளை என்ற பட்டம் அவர்களோடு மாடிப்படி ஏறிவிட்டது. அதே மந்தம், அதே துடுக்கு, அதே குடும்பக் குறை என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. இடம் மாறியும் தீர்ப்பு மாறாதிருப்பதே, அது பிள்ளையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பன்று என்பதற்குச் சான்று.

பிள்ளைகளுக்குக் குணம் வேண்டும், ஊக்கம் வேண்டும், முயற்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் மூளைக்கு இரவில் காற்று வேண்டும் என்பதை முன்னே வைக்கிறேன். கூடுதல் வகுப்புக்கும் ஊக்க முகாமுக்கும் நிதி திரட்டும் சங்கங்கள், அந்த நிதியில் ஒரு பங்கைக் கடைசி வரிசைப் பிள்ளைகளை ஒருமுறை தொண்டை நிபுணரிடம் கொண்டுபோகும் வாகனச் செலவுக்கு ஒதுக்கட்டும். அந்தப் பரிசோதனை முடியும் வரையில், எந்த மேடையிலும் எந்தப் பிள்ளையையும் மக்கு என்றோ முரடன் என்றோ சொல்லும் உரிமை நமக்கு இல்லை.